நாலு பேருக்கு ஒரு ஜாமீன்

நெவில் பிளெங்கின் கண்ணில் படுகிற எழுத்து எதையும் படிக்காமல் விடமாட்டார். சாஸ் புட்டியின் முதுகு, கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகும் பீட்சாக்கடை விளம்பரம், பல் மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பார். "இதுல சர்க்கரை பாதியாக் குறைச்சிட்டானாம் ஜேனிஸ்" என்று காலை உணவின்போது மனைவியிடம் அறிவிப்பார். ஜேனிஸ் அதற்கெல்லாம் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் படிக்காமல் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் பேனாவால் அல்ல, விரலால்.

இங்கிலாந்தில், ஹல் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர் அவர். நவம்பர் மாத மழையில், கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ரொட்டியைப் பிரித்தபோது மகள் ஷானன் கூப்பிட்டாள். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கப் போய் இரண்டு மாதம்கூட நிறையவில்லை. நெவில் பக்கத்திலும் ஜேனிஸ் பக்கத்திலும் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்கப் போன முதல் ஆள் அவள்தான்.

"அப்பா, உடனே ஒரு கையெழுத்து போடு. லிங்க் அனுப்பியிருக்கேன்."

"எதுக்கு கண்ணு?"

"வீட்டுக்கு. அடுத்த வருஷம் இருக்கறதுக்கு."

"இந்த வருஷமே இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு?"

"உனக்குத் தெரியாதுப்பா. இங்க எல்லாரும் இப்பவே புடிச்சிடுவாங்க. நல்ல வீடெல்லாம் போயே போயிடுச்சு. இன்னைக்குள்ள ஜாமீன் கையெழுத்து வரலைன்னா அந்த வீட்டு ஏஜென்சி அம்மா வேற பசங்களுக்குக் குடுத்துடுவாங்களாம்."

உண்மைதான். லீட்ஸில் நவம்பர் பிறந்தால் புதுப் பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் கண்டுவிடும். அடுத்த செப்டம்பரில் குடிபோகவேண்டிய வீட்டுக்கு இப்போதே ஆள் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாகவேண்டும். யாரோடு போடுவது? அந்தச் சில வாரங்களில் யார் கண்ணில் பட்டார்களோ அவர்களோடுதான். கல்யாணத்துக்குக்கூட அந்த ஊரில் இதைவிட நிதானமாக யோசிப்பார்கள்.

ஷானனுக்கு அப்படிச் சேர்ந்தவர்கள் மூன்று பேர். டெமி விடுதியில் எதிர் அறை. லண்டன்காரி, மருந்தியல் படிப்பு, நைஜீரியாவிலிருந்து வந்த குடும்பம்; யாரையும் ஒரு வார்த்தையில் உட்காரவைத்துவிடுவாள். ஈவன் வேல்ஸ் நாட்டுப் பையன். துணி துவைக்கிற இடத்தில் இயந்திரத்தின் பின்னால் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது பழக்கமானான். தீ எச்சரிக்கை மணி அடித்து விடுதியே துண்டோடு வாசலில் நின்ற ஒரு நாளில், தன் கோட்டைக் கழற்றி ஷானனுக்குக் கொடுத்தவன் ஹ்யூகோ. வீடு தேட இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

பஸ்ஸின் கதவை ஒரு கிழவி குடையால் தட்டினாள். "டிரைவர், நனையறது நானா நீயா?" நெவில் போன் திரையை விறுவிறுவென்று கீழே தள்ளினார். பக்கங்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவழியாகக் கையெழுத்துக் கட்டம் வந்ததும் விரலால் இழுத்தார். மழைக்கு வெளியே வந்த மண்புழு போல ஒன்று அங்கே நெளிந்து படுத்தது. அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தார்.

நெவிலுக்கும் ஜேனிசுக்கும் ஒரே ஒரு ஆசை உண்டு. வித்தர்ன்சீ கடற்கரையில் ஒரு கேரவன் வாங்க வேண்டும். சக்கரம் இருந்தும் ஓடாமல், வரிசையில் நின்ற இடத்திலேயே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தகர வீடு அது. வாழ்நாளெல்லாம் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தவருக்கு ஓடாத வண்டி ஒன்று வேண்டியிருந்தது. ஜேனிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். திரைச்சீலைக்குத் துணிகூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் போதும் என்கிற இடத்துக்கு வந்திருந்தார்கள்.

அடுத்த செப்டம்பரில் நெவில் மகளைக் காரில் கொண்டுபோய் இறக்கினார். அந்தப் பேட்டையில் செங்கல் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். டென்பி மவுண்ட், டென்பி குரோவ், டென்பி டெரஸ், டென்பி வியூ என்று ஒரே தலைக்கு வாலை மட்டும் மாற்றித் தெருக்களுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். நெவில் மெத்தை விரிப்பையும் இரண்டு சட்டிகளையும் டென்பி குரோவில் ஒரு வீட்டுக்குள் தூக்கிப்போய் வைத்தே விட்டார். அங்கிருந்த பையன்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். திரும்ப வாங்கப் போனபோது அவர்களுக்குத்தான் வருத்தம்.

சரியான வீட்டுக்குள் நுழைந்தபோது அறைகளுக்குச் சீட்டுக் குலுக்கி முடித்திருந்தார்கள். தெருப்பக்கம் இருந்த பெரிய அறை ஹ்யூகோவுக்கு. ஷானனுக்கு மாடிப்படிக்கு மேலே பெட்டி மாதிரி ஓர் அறை. கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலைத் தாண்டினால் ஜன்னல், அவ்வளவுதான். தரை என்று ஒன்று இருந்ததற்குச் சாட்சி இல்லை.

நெவிலுக்குச் சுருக்கென்றது. "நாம கையெழுத்து போட்ட ரூம் இதுதானா?"

"ரூமுக்குன்னு யாரும் போடலையே நெவில்" என்றான் ஈவன். தேநீர் கலக்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஊரில் நகராட்சி வீட்டுவசதிப் பிரிவில் வேலை பார்ப்பவள். அவன் தாலாட்டுக்குப் பதில் வாடகை ஒப்பந்தம் கேட்டு வளர்ந்தவன் என்பாள் டெமி. "வீடு மொத்தத்துக்கும் சேத்துதான் போட்டோம். சட்டப்படி நாங்க நாலு பேரும் ஒரே ஆளு."

"ஒரே ஆளா? அப்ப ஒரு டூத் பிரஷ் போதுமே."

"ஹ்யூகோ ஏற்கனவே அப்படித்தான் நெனைச்சிட்டிருக்கான்" என்றாள் டெமி.

ஈவன் சிரிக்கவில்லை. "கூட்டு ஒப்பந்தம்னா அதான். யாருக்கும் தனி ரூம் கெடையாது, எல்லாருக்கும் எல்லா ரூமும். ஒருத்தன் செவுத்தை இடிச்சா நாலு பேரும் இடிச்ச கணக்கு. ஒருத்தன் வாடகை குடுக்காம ஓடிட்டா மிச்சம் இருக்கறவங்க குடுக்கணும்."

"சரி, அது உங்க நாலு பேருக்குள்ள."

"ஜாமீன் போட்டவங்களுக்கும் சேத்து. எங்க அம்மா 'என் மகன் பங்குக்கு மட்டும்'னு எழுதி வாங்கிட்டாங்க. டெமியோட மாமாவும் அப்படித்தான். ஹ்யூகோ அப்பா வக்கீல், கேக்கவே வேணாம். நீங்க எப்படி எழுதச் சொன்னீங்க?"

நெவில் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். கோப்பையில் படிக்க ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"நானா? நான் பஸ் எடுக்கற அவசரத்துல இருந்தேன்பா."

ஈவன் ஒரு பிஸ்கட்டை எடுத்து, மரியாதையாக, அவர் பக்கம் நகர்த்தினான்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நெவில் ஒரே விஷயத்தை மென்றுகொண்டிருந்தார். ஒரு பெண்ணைப் பெற்றவர், நாலு பேருக்கு ஜாமீன். அவர்களில் யார் ஓடினாலும் வீட்டுக்காரன் நேராக ஹல்லுக்கு வந்து கதவைத் தட்டலாம். தட்டினால் கேரவன் போய்விடும். ஜேனிஸ் வாசலிலேயே கேட்டாள்: "ரூம் எப்படி இருக்கு?"

"அடக்கமா இருக்கு" என்றார் நெவில். கெச்சப் புட்டியில் எழுதியிருப்பதைக்கூட மறைக்கத் தெரியாத மனிதர் பெண்டாட்டியிடம் மறைத்த முதல் விஷயம் அது.

தூக்கம் வராமல் புரண்டதில் ஒரு முடிவு பிறந்தது. பஸ்காரனுக்குத் தெரிந்த முடிவுதான். ஏறியவர் யாராக இருந்தாலும் இறங்கும்வரை டிரைவர் பொறுப்பு. யாரும் நடுவழியில் குதித்துவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்படியானால் குதிக்கக்கூடியவன் யார்? இதற்கு யோசனையே வேண்டாம். அன்று மதியம் சாய்ந்த பிறகு குளியல் அங்கியோடு படியிறங்கி வந்து, "இன்னைக்கு என்ன கெழமை?" என்று கேட்ட ஹ்யூகோதான்.

மறுநாளிலிருந்து, டிப்போவில் பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால், நெவில் ஹ்யூகோவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"எழுந்தாச்சா தம்பி?"

"ம்ம். எழுந்துட்டேன்."

"எழுந்தவன் குரல் இப்படியா இருக்கும்? தண்ணிச் சத்தம் கேக்கட்டும்."

கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும். நெவில் நிம்மதியாக வண்டியைக் கிளப்புவார். சில நாட்கள் கழித்து அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"டேய், உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி இவ்வளவு வேகமா வராதே. போன வாரம் நானே பாத்தேனே."

மறுமுனையில் பெருமூச்சு. "ரெக்கார்டு பண்ணி வச்சிருந்தேன் நெவில்."

"எழுந்திரு."

விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு லீட்ஸுக்கே போய்விடுவார். கையில் ஹல் ஊர் உருளைக்கிழங்கு வடைகள். ஊர்க்காரர்கள் சிப்ஸின் மேல் தூவிக்கொள்ளும் சிவப்புப் பொடி ஒரு டப்பா. லண்டனுக்குத் தெற்கே பிறந்த ஹ்யூகோ அந்தப் பொடியைப் பார்த்ததே இல்லை. முதல் தடவை நாக்கில் வைத்து யோசித்தான். அடுத்த தடவை முட்டையில் தூவினான். பிறகு டோஸ்டில், தக்காளி சூப்பில், ஒரு தடவை வாழைப்பழத்தில். நெவிலுக்கு உள்ளூர மகிழ்ச்சி. நாக்கு பழகிய பயணி இறங்கமாட்டான்.

டெமி அவரை வீட்டு வாட்ஸப் குழுவில் சேர்த்துவிட்டாள். 'ஒரே ஆள்' என்று குழுவுக்குப் பெயர். "இன்று ஹ்யூகோ நூலகத்தில் காணப்பட்டான். தூங்கிக்கொண்டிருந்தான், ஆனாலும் நூலகம்" என்று அவள் தகவல் போடுவாள். நெவில் கட்டைவிரலை உயர்த்துவார். ஈவனிடம் சுவரில் பூஞ்சை வந்தால் யாரிடம் சொல்வது என்று கேட்டு வைத்துக்கொண்டார். டெமி சமைத்த காரமான சோற்றைத் தின்று கண்ணில் நீர் வழிய, "அருமை கண்ணு" என்றார்.

ஷானனுக்குத்தான் ஒப்பவில்லை.

"நீ என்னைப் பாக்க வர்றியா, ஹ்யூகோவைப் பாக்க வர்றியா?"

"உன்னைத்தான். வேற யாரை?"

"என்ட்ட ஒரு வார்த்தை கேக்கலையே இதுவரைக்கும்."

"உனக்கென்ன கண்ணு, நீ நல்லாத்தானே இருக்க."

ஷானன் மாடியேறிப் போய்விட்டாள். டெமி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கேட்டிருக்கலாம் நெவில்" என்றாள். நெவில் அதை உப்பைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் ஜேனிஸும் விடவில்லை. "எங்க அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நீ இத்தனை தடவை வண்டி எடுக்கலையே நெவில்."

"பாவம், புள்ளைங்க சாப்பிடறதில்ல."

"எந்தப் புள்ளைங்க? நமக்கு ஒண்ணுதான்."

நெவில் பால் புட்டியை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

பிப்ரவரியில் ஒரு நாள் ஹ்யூகோவே கூப்பிட்டான். அவன் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்ககிட்ட நேர்ல பேசணும். வீட்ல வேணாம். பூங்காவுல."

நெவில் உடனே முடிவுகட்டினார்: குதிக்கப் போகிறான். வேலை நேரத்தை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டு, கடையில் இருந்த பொடி டப்பாக்களிலேயே பெரியதாக ஒன்றை வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் அறிவுரையைத் தயார்செய்து கொண்டு போனார். பூங்காவில் காற்று முகத்தை அறைந்தது. ஹ்யூகோ ஒரு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். நெவில் டப்பாவை அவன் மடியில் வைத்தார்.

"தம்பி, அவசரப்படாதே. படிப்புன்னா ஆரம்பத்துல கசக்கத்தான் செய்யும். இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சிட்டு..."

"யாரு, நானா?"

"விட்டுட்டுப் போறதுன்னா குறைஞ்சது ஜூன் வரைக்குமாவது..." நெவில் அங்கே நிறுத்திவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவன் ஒரு பிள்ளை. அதற்குப் பிடிக்காத படிப்பில் ஒரு தகர வீட்டுக்காக அதை உட்காரவைப்பதா? "இல்ல. நான் சொல்றதை நம்பாதே. நான் உனக்காகச் சொல்லல. படிக்காம கையெழுத்து போட்டுட்டேன். நீ போனா உன் வாடகை என் தலையில விழும். எங்க கேரவன் போயிடும். அதுக்குத்தான் உன்னை தெனம் எழுப்பினேன்."

ஹ்யூகோ அவரை வெறித்துப் பார்த்தான். "வாடகைக்காகவா எழுப்பினீங்க?"

"வாடகைக்காகத்தான். அப்புறம் பழக்கமாயிடுச்சு."

ஹ்யூகோ சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பெஞ்சு நாய் எழுந்து குரைத்தது. "நெவில், நான் ஓடினா என் பங்குக்கு எங்கப்பா இருக்காரு. டெமி ஓடினா அவங்க மாமா. ஈவன் ஓடினா அவங்க அம்மா துரத்திப் புடிச்சிடுவாங்க. மூணு பேருக்கும் முன்னாடி வந்து நிக்க ஆள் இருக்கு. உங்களை விட்டா வேற ஜாமீனே இல்லாத ஆளு அந்த வீட்ல ஒருத்தர்தான்."

நெவில் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு விரல் மிச்சம் நின்றது.

"அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றான் ஹ்யூகோ. சிரிப்பு போயிருந்தது. "ஷானன் வகுப்புக்குப் போறதே இல்ல. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியிருந்தே. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்க மூணு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கா. நீங்க காலைல என்னை எழுப்புவீங்க இல்ல? நான் போய் அவ கதவைத் தட்டுவேன். மொதல்ல, இந்தத் தொல்லைய வேற யாருக்காவது குடுக்கணுமேன்னுதான் தட்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. அவ தூங்கறதே இல்ல. முழிச்சிட்டே படுத்திருக்கா."

பெட்டி அறையில் இரண்டு பேர் நிற்க முடியாது. நெவில் கட்டிலின் கால்மாட்டில் ஏறி, காலை மடக்கி உட்கார்ந்தார். ஷானன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். இருவர் முழங்காலும் முட்டிக்கொண்டன. ஓடிப்போக இடமில்லாத அறை அது; அந்த ஒரு வசதி அதில் இருந்தது.

"யாரு சொன்னா? ஹ்யூகோதானே? அவனை..."

"சத்தியத்தை மீறி சொன்னான். திட்டாதே. என்ன கண்ணு ஆச்சு?"

ஷானன் போர்வை நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள். "ஒண்ணும் ஆகலப்பா. அதான் பிரச்சனை. யாரும் எதுவும் சொல்லல. அங்க எல்லாரும் பேசறப்போ, பேச்சு பாதி முடிஞ்சதுக்கு அப்புறம் நான் உள்ள வந்த மாதிரி இருக்கும். அவங்க வீட்ல சாப்பிடறப்பவே இதெல்லாம் பேசியிருப்பாங்க போல. நான் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுவேன். தலையாட்டித் தலையாட்டி ஒரு நாள் எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னே மறந்து போச்சு. எனக்கு இந்தப் படிப்பு புடிக்கலையா, இல்ல நான் பயந்தாங்கொள்ளியான்னும் தெரியல."

"அப்ப ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீதான் எல்லா ஸ்டாப்லயும் 'என் பொண்ணு யுனிவர்சிட்டி'ன்னு சொல்லி வச்சிருக்கியே. அதுவுமில்லாம..." அவள் குரல் இறங்கியது. "நீ ஜாமீன் போட்ட கதைய ஈவன் சொன்னான். நான் போனா அம்மாவோட கேரவன் போயிடும். அதான் போகாம இங்கயே படுத்திருக்கேன்."

நெவிலுக்கு அந்தக் கணம் கேரவன் கண்ணுக்கு முன்னால் நின்றது; ஜேனிஸ் எடுத்துவைத்த நீலக் கோடு போட்ட திரைச்சீலையோடு, ஜன்னலில் கடலோடு, முழுசாக நின்றது. அவர் அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"வேணாம்னா விட்டுடு."

"என்னது?"

"தப்பான பஸ்ஸுல ஏறிட்டு, எறங்க வெக்கப்பட்டு, சரியான பஸ் மாதிரியே ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துட்டு வர்றவங்க இருக்காங்க தெரியுமா? கடைசி ஸ்டாப் தாண்டி டிப்போவுக்கே வந்துடுவாங்க. மணி அடிச்சா போதும், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நான் நிறுத்தறேன். நீ மணி அடி."

"அம்மாட்ட யாரு சொல்றது?"

நெவில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "அதுக்கு மட்டும் கொஞ்சம் யோசிக்கணும்."

யோசித்துப் பயனில்லை. ஜேனிஸ் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஜேனிஸ், நான் ஒரு கையெழுத்து போட்டுட்டேன்."

கத்தி நின்றது. "எவ அவ?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல." நவம்பர் மழையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவர் முடித்ததும் ஜேனிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"படிச்சியா?"

"இல்ல."

"ஷாம்பூ புட்டிய படிக்கற. நாய் பிஸ்கட் டப்பாவைப் படிக்கற. நம்ம வீட்ல நாயே கெடையாது. இதைப் படிக்கல." சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "இத்தனை மாசமா ஒரு வக்கீல் வீட்டுப் புள்ளைய எழுப்பிவிட லீட்ஸுக்கு ஓடியிருக்க, நம்ம புள்ள பக்கத்து ரூம்ல அழுதிட்டிருக்கு." கையைத் துடைத்துக்கொண்டாள். "கோட்டை எடு. போலாம்."

ஏஜென்சியில் சொன்ன வழி எளிமையாகத்தான் இருந்தது. ஷானன் போவதானால் அவள் இடத்துக்கு ஒருவர் வரவேண்டும். அவரை மற்ற மூவரும் ஏற்றுக்கொண்டு, எல்லோரும் புதிதாகக் கையெழுத்துப் போடவேண்டும். வந்துவிட்டால் நெவிலின் மண்புழுக் கையெழுத்துக்கும் விடுதலை. ஷானனே விளம்பரம் போட்டாள். ஜேனிஸ் ஒரு சனிக்கிழமை முழுவதும் சமையலறை மூலையில் தேநீரோடு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

முதலில் ஒரு பெண் வந்தாள். கலகலப்பானவள்; வாடகையை முன்கூட்டியே தரவும் தயார். அவள் போனதும் டெமி வேண்டாம் என்று தலையாட்டினாள். "சொந்தமா கெட்டில் கொண்டாருவேன்னா. தனிக் கெட்டில் வச்சிருக்கறவளை எப்படி நம்பறது?"

அடுத்து வந்த பையன் ட்ரம்பெட் வாசிப்பவன் இல்லை, குடிப்பவன் இல்லை. "ரொம்ப சிரிக்கறான்" என்றான் ஹ்யூகோ. "காலைல அவன் சிரிச்சிட்டே எதுக்க வந்தா என்னால தாங்க முடியாது."

மூன்றாவது ஆளில் குறை சொல்ல எதுவுமே இல்லை. அமைதி, சுத்தம், பெட்டி அறையைப் பார்த்து, "எனக்கு இவ்வளவு போதும்" என்றுகூடச் சொன்னான். எல்லோரும் ஈவனைப் பார்த்தார்கள். ஈவன் காது சிவக்க யோசித்தான். பொய் அவனுக்கு வராது.

"அவன் ஒப்பந்தத்தை முழுசாப் படிச்சிட்டேன்னு சொல்றான்" என்றான் கடைசியில். "வீட்டுக்கு அந்த மாதிரி ஆளு ஒருத்தன் போதும்."

ஜேனிஸ் தேநீரை ஒரே மடக்கில் முடித்தாள். "ஷானன், நீ படிப்பை விடலாம். வீட்டைத்தான் விட முடியாது போலிருக்கு."

அப்படியே ஆயிற்று. ஷானன் படிப்பை நிறுத்தினாள்; பெட்டி அறையில் இருந்துகொண்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற வேலைக்குப் போனாள். விடியுமுன் அவள்தான் முதலில் எழுந்தாள். போகிற போக்கில் ஹ்யூகோவின் கதவை உதைத்துவிட்டுப் போனாள். அந்த வேலையிலிருந்து நெவிலுக்கு ஓய்வு கிடைத்தது. தன் பங்கு வாடகையைத் தானே கட்டினாள். வீட்டுக்காரன் யார் கதவையும் தட்டவில்லை.

தட்டியது மாநகராட்சிதான். மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டில் அது வீட்டு வரி கேட்பதில்லை. ஒருத்தி மாணவி இல்லையென்றானதும் கடிதம் வந்துவிட்டது. ஈவன் அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சங்கடத்தோடு நிமிர்ந்தான். "சட்டப்படி நாங்க மூணு பேரும் இதுல இல்ல. உன் பேர்ல மட்டும்தான்."

"பங்கு போட்டுக்கலாம்" என்றாள் டெமி.

"கை வச்சீங்கன்னா பாருங்க" என்றாள் ஷானன். கடிதத்தை வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினாள். "இந்த வீட்லயே எனக்கு மட்டும்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

அடுத்த தடவை போனபோது நெவில் அதை வாய்விட்டுப் படித்தார், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை. பக்கத்தில் நர்ஸ் படிப்புக்கான விண்ணப்பம் ஒன்று பாதி நிரப்பிக் கிடந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. "உனக்கு எப்படி இருக்கு கண்ணு?" என்று மட்டும் கேட்டார். "தெரியலப்பா" என்றாள் ஷானன். "ஆனா இப்ப தெரியலன்னு சொல்ல முடியுது."

ஜூன் கடைசியில் ஒப்பந்தம் முடிந்தது. அந்த வாரமே ஜேனிஸ் வித்தர்ன்சீயில் பழைய கேரவன் ஒன்றைப் பேசி முடித்தாள். அலுவலகத்தில் இருந்த பெண் காகிதங்களை விரித்து, "ரெண்டு பேர் பேர்லயும் போட்டுடலாமா?" என்று கேட்டாள். நெவில் மூக்குக் கண்ணாடியை மாட்டி, பேனாவையும் எடுத்துவிட்டார். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படிப்பதாக வேறு சபதம் எடுத்திருந்தார்.

"பேனாவை உள்ள வை" என்றாள் ஜேனிஸ். "என் பேர்ல மட்டும் போடும்மா. இவர் வேணும்னா விருந்தாளியா வந்து போகட்டும்."

முதல் வாரக் கடைசிக்கு நாலு பேரும் வந்து இறங்கினார்கள். படுக்கைக்குச் சீட்டுக் குலுக்கியதில் ஹ்யூகோவுக்கு வழக்கம்போல நல்ல அறை. விருந்தாளிக்குக் கதவோரம் இழுத்துப் போடுகிற பெஞ்சு, கால் நீட்டினால் சுவர். காலையில் தலைமாட்டில் போன் அலறி நெவிலை உலுக்கியது. எடுத்தார்.

"எழுந்தாச்சா நெவில்?" கேரவனின் அந்தக் கோடியிலிருந்து ஹ்யூகோ.

"எழுந்துட்டேன்."

"குரல் அப்படி இல்லையே. தண்ணிச் சத்தம் கேக்கட்டும்."

நெவில் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி ஜன்னலைத் தள்ளி, போனைக் கடல் பக்கமாகப் பிடித்தார்.

"ஏமாத்தாதீங்க" என்றான் ஹ்யூகோ. "குழாய்ல இவ்வளவு வேகமா வராது."